நாற்பதாவது மாத்திரை

காலைச் சங்கு ஊதியதும் செங்குகை நகரத்து ஜனங்கள் அவரவர் வீட்டுச் சுவரைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள்.

சுவருக்குள் பதித்த கண்ணாடிக் கண் ஒன்று முதலில் நாக்கின் மேல்புறத்தைப் பார்க்கும். பிறகு நாக்கைத் தூக்கச் சொல்லும். கன்னத்து இடுக்கைக்கூட விடாது. அன்றைய மாத்திரை தொண்டையைத் தாண்டிவிட்டது என்று அதற்கு நிச்சயமானால் பச்சை விளக்கு எரியும். பச்சை எரிந்த பிறகுதான் வெளிக்கதவு திறக்கும். பல் முளைக்காத குழந்தைக்கும் இதே மரியாதைதான். வேறு ஊர்களில் விடிந்ததும் சாமி கும்பிடுவார்கள், இல்லாவிட்டால் காப்பி குடிப்பார்கள். இங்கே வாயைத் திறந்து காட்டுவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

தணிகாசலம் மட்டும் தினமும் அந்தக் கண்ணுக்கு நாக்கைத் துருத்தி அழகு காட்டுவான்.

"போதும், வாயை மூடுங்க. அதுக்கு வெக்கம் கிடையாது, எனக்கு இருக்கு" என்பாள் அவன் மனைவி.

"பாவம்டி அது. பொழுதுக்கும் ஊரான் வாயையே பாத்துக்கிட்டுக் கெடக்கு. என் புண்ணியத்துல கொஞ்சம் சிரிக்கட்டுமே."

மனைவியின் பெயர் உலகநாயகி. பெயரில்தான் உலகம் இருந்தது. அவள் பிறந்தது, வளர்ந்தது, கட்டிக்கொண்டது எல்லாம் செவ்வாய்க் கிரகத்தில், எரிமலைக் குழம்பு ஓடி வற்றிப்போன ஒரு நீளமான குகைக்குள். பூமியிலிருந்து கடைசிக் கப்பல் வந்தது அவள் பாட்டன் காலத்தில். அதன் பிறகு பூமிக்காரர்களுக்கு வேறு வேலை வந்துவிட்டது போலிருக்கிறது. கப்பலும் இல்லை, ஏன் வரவில்லை என்று ஒரு வார்த்தையும் இல்லை.

குகைக்கு வெளியே செந்தூசி. வடிகட்டி வலைகளை எத்தனை அடுக்கு போட்டாலும் அது கொஞ்சம் உள்ளே வந்துவிடும். தூசி தானாக யாரையும் கொல்வதில்லை. மனித உடம்புதான் அதைப் பெரிய பகைவன் என்று நினைத்துக்கொண்டு ஹிஸ்டமின் என்கிற ரசாயனத்தை வாரி இறைக்கும். கண் சிவக்கும், தோல் தடிக்கும், கடைசியில் தொண்டை வீங்கி மூச்சு நிற்கும். செங்கட்டு என்று அந்த நோய்க்குப் பெயர். ஹிஸ்டமினை அடக்கி வைக்கிற மருந்துதான் காலை மாத்திரையில் இருந்தது. இருந்ததாக எல்லோரும் நம்பினார்கள்.

அப்படியும் சிலர் செங்கட்டில் செத்தார்கள். தணிகாசலத்தைப் போல வலைகளைத் தட்டித் தூசி எடுக்கிறவர்கள்தான் அதிகம். மாத்திரை பொய்யாகாது என்பதால், செத்தவன் எப்படியோ கண்ணாடிக் கண்ணை ஏமாற்றி மாத்திரையைத் துப்பியிருக்க வேண்டும் என்று முடிவு செய்வார்கள். அவனுக்குத் 'துப்பி' என்று பட்டம் கட்டுவார்கள். துப்பியின் வீட்டுக் கதவில் ஒரு சிவப்புக் கோடு இழுப்பார்கள். அந்தக் கோடு அழியாது.

பக்கத்து வீட்டுப் பூங்காவனத்தின் கதவில் அந்தக் கோடு இருந்தது. அவள் புருஷன் ஏழுமலையும் வலை தட்டுகிறவன்தான். அவன் போய்ப் பல வருஷம் ஆகியும் அவள் கோபம் ஆறவில்லை.

"துப்பினான், செத்தான். எனக்கும் என் பொண்ணுக்கும் கோட்டை இழுத்து வச்சுட்டுப் போயிட்டான்" என்பாள். மகள் செவ்வந்தி மாத்திரை போடும்போது சுவர்க் கண் பார்ப்பதற்கு முன்பே இவள் விரலை விட்டுப் பார்த்துவிடுவாள். "அம்மா, வலிக்குது" என்று அந்தப் பெண் தினமும் சொல்லும். உலகநாயகிக்குச் சுவர் வழியாகக் கேட்கும்.

*

உலகநாயகிக்கு வேலை தரச்சோதனைச் சாலையில். மாத்திரை செய்கிற மருந்தகத்திலிருந்து வருகிற ஒவ்வொரு தொகுதியிலும் மருந்து சரியான அளவில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது.

அதற்கு அவளிடம் இருந்தது நுண்புழை மின்பிரிப்பான் என்ற கருவி. தலைமுடியைவிடக் கொஞ்சமே தடித்த கண்ணாடி இழை, அதன் நடுவே கண்ணுக்குத் தெரியாத துளை. துளை நிறைய உப்புக் கரைசல். இரண்டு முனைகளையும் இரண்டு கிண்ணங்களில் முக்கி, பெரிய அழுத்தத்தில் மின்சாரம் கொடுத்தால், மாத்திரையைக் கரைத்த நீரில் இருக்கிற ஒவ்வொரு பொருளும் அதனதன் வேகத்தில் துளைக்குள் ஓடத் தொடங்கும். மருந்து ஒரு வேகம், மாவு ஒரு வேகம், சாயம் ஒரு வேகம். முடிவில் ஒரு சின்னச் சாளரம். அதன் வழியே பாயும் ஒளியை மருந்து கடக்கும்போது திரையில் கோடு எழும்பி இறங்கும். சோதனைச் சாலையில் அதைக் கோபுரம் என்பார்கள். பெரிய கோபுரம் என்றால் நிறைய மருந்து. கருவிக்குத் தேவையும் மிகக் கொஞ்சம். ஒரு சொட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும்.

ஆனால் கோபுரம் பெரிதா சிறிதா என்று எதை வைத்துச் சொல்வது? அதற்கு ஒரு அளவுக் குப்பி உண்டு. சரியான அளவு மருந்து என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட கரைசல் அதில் இருக்கும். அதன் கோபுரம் நூறு. மாத்திரையின் கோபுரமும் அதே உயரம் வந்தால் மாத்திரைக்கும் நூறு.

பூமியிலிருந்து வந்த அளவுக் குப்பிகள் முதல் தலைமுறையிலேயே தீர்ந்துபோயின. அதனால் என்ன? பெரியவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வருஷத்துக்கு ஒரு முறை அளவுநாள். அந்த வருஷத்து மாத்திரைகளிலேயே நல்ல தொகுதியாகப் பார்த்து எடுத்து, பொடித்து, கரைத்து, புதுக் குப்பியில் அடைத்து, காகிதப் பூமாலை போட்டு, இனி இதுதான் நூறு என்று அறிவிப்பார்கள். குழந்தைகளுக்கு இனிப்பு உண்டு. நகரத்தின் பெரிய பண்டிகையே அதுதான். உலகநாயகியும் சின்ன வயதில் அந்த இனிப்புக்காகச் சண்டை போட்டவள்தான்.

இவள் அளந்த மாத்திரைகள் எல்லாம் நூறு வந்தன. சில சமயம் தொண்ணூற்றொன்பது. என்றைக்காவது நூற்றொன்று வந்தால் இயக்குநர் ஆளவந்தார் தேநீர் வாங்கிக்கொடுப்பார்.

திரையில் கோபுரத்தின் காலடியில் எப்போதும் கோடு சிலுசிலுத்துக்கொண்டிருக்கும். அடிக்கோடு புல் முளைத்த மாதிரித்தான் இருக்கும் என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அவள் புல்லைப் பார்த்ததில்லை. அதனால் சந்தேகப்படவும் தோன்றவில்லை.

*

அந்த வருஷம் அளவுநாள் நெருங்கியபோது தணிகாசலம் படுத்தான்.

முதலில் கண் சிவந்தது. "தூக்கம் பத்தல" என்றான். மறுநாள் கழுத்தில் தடிப்பு. "நீ கடிச்ச கடிதான்" என்று சிரித்தான். அடுத்த நாள் சிரிக்க முடியவில்லை. தொண்டைக்குள் விசில் ஊதுகிற மாதிரி மூச்சு வந்தது. உலகநாயகி அவனைத் தூக்கு வண்டியில் போட்டு மருத்துவக் கூடத்துக்குக் கொண்டுபோனாள்.

அங்கிருந்த செவிலி, மாத்திரைகளைப் பொடித்து நீரில் கலக்கிக் குழாய் வழியாக அவன் வயிற்றுக்குள் விட்டாள். இரண்டில் ஆரம்பித்து நாலு, எட்டு என்று ஏற்றினாள். வீக்கம் குறையவில்லை.

"வீட்டுல ஒழுங்கா போட்டாரா?" என்று கேட்டாள் செவிலி, முகத்தைப் பார்க்காமல்.

அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று உலகநாயகிக்குத் தெரியும்.  புருஷன் போய்விடுவான் என்ற பயம் ஒரு பக்கம். போன பிறகு அவனைத் துப்பி என்பார்களே என்ற பயம் ஒரு பக்கம். தினமும் அந்தக் கண்ணுக்கு முன்னால் நாக்கைத் துருத்தினானே, பாவி, அதையே சாட்சியாகக் காட்டுவார்களே என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது.

"என் கண்ணால பாத்தேன். ஒரு நாள்கூடத் துப்பினதில்ல" என்றாள்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்றாள் செவிலி. அவள் குரலில் கெடுதல் எதுவும் இல்லை; களைப்பு மட்டும் இருந்தது.

இந்த நிலையிலும் உலகநாயகிக்கு வேலையிலிருந்து ஆள் வந்தது. பூமியிலிருந்து ஆட்களை இறக்கிய பழைய இறங்குகலத்தை உடைத்துக்கொண்டிருந்தவர்கள், சுவருக்குள் இருந்த குளிர்ப்பெட்டியில் கண்ணாடிக் குப்பி ஒன்றைக் கண்டெடுத்திருந்தார்கள். பூமியில் வாயை உருக்கி அடைத்த அளவுக் குப்பி. உள்ளே ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி. ஆளவந்தார் சந்தோஷத்தில் குதித்துக்கொண்டிருந்தார்.

"கண்காட்சியில வைக்கப்போறோம் நாயகி. நம்ம முன்னோர் சொத்து. பக்கத்துல ஒரு அட்டை வைக்கணும், அதுல ஒரு எண் போடணும். கொஞ்சூண்டு எடுத்து அளந்து சொல்லிட்டுப் போ. உன் வீட்டுக்காரர் விஷயம் கேள்விப்பட்டேன். ஒண்ணும் ஆகாது. நம்ம மாத்திரை இருக்கு."

சீக்கிரம் முடித்துவிட்டு ஓடலாம் என்றுதான் அவள் உட்கார்ந்தாள். குப்பியின் கழுத்தை உடைத்து, பொடியில் கொஞ்சம் எடுத்து நீரில் கரைத்து, துளி எடுத்துக் கருவியில் வைத்தாள். வழக்கமான நேரத்தில், வழக்கமான இடத்தில் கோடு எழும்பியது. எழும்பியது இறங்கவில்லை. திரையின் மேல் விளிம்பை முட்டிக்கொண்டு அப்படியே நின்றது.

கருவியின் கோளாறு என்று நினைத்தாள். இழையைக் காரக் கரைசல் விட்டுக் கழுவினாள். வெறும் நீரை ஓட்டினாள். கோபுரமே வரவில்லை, சரி. குப்பிக் கரைசலைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து ஓட்டினாள். மறுபடி விளிம்பை முட்டியது. நூறு மடங்கு நீர்க்கச் செய்தாள். அப்போதும் முட்டியது.

ஆயிரம் மடங்கு நீர்க்கச் செய்தபோது கோபுரம் இறங்கி வந்து, தினமும் அவள் பார்க்கிற நூறின் உயரத்தில் நின்றது.

உலகநாயகி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை. மருந்தகத்தில் மருந்து காய்ச்சும் பழைய உலைகள் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்திருக்கின்றன. மாத்திரையில் மருந்து துளித் துளியாகக் குறைந்திருக்கிறது. குறைந்த மாத்திரையையே எடுத்து மாலை போட்டு இதுதான் நூறு என்றிருக்கிறார்கள். அடுத்த வருஷம் அதைவிடக் குறைந்ததை எடுத்து அதையும் நூறு என்றிருக்கிறார்கள். கோபுரம் சின்னதாகத் தெரிந்தபோதெல்லாம் யாரோ ஒருவர் கோட்டைப் பெரிதாக்கிக் காட்டும் திருகைக் கொஞ்சம் கூட்டியிருக்கிறார். அடிக்கோட்டின் சிலுசிலுப்பும் கூடவே பெருகியிருக்கிறது. அவள் புல் என்று நினைத்தது அதைத்தான். ஒரு வேளைக்கான மருந்து உடம்புக்குள் போக வேண்டுமானால் இன்றைக்கு ஆயிரம் மாத்திரை விழுங்க வேண்டும். மாவே ஆளைக் கொன்றுவிடும்.

ஏழுமலை துப்பவில்லை. யாருமே துப்பவில்லை.

நூறு, நூறு என்று இத்தனை வருஷம் சொன்ன வாய் தன் வாய்தான் என்பது அவளுக்கு உறைத்தது.  மேசையில் அந்தப் பூமிக் குப்பி இருந்தது. செங்குகை நகரம் முழுவதிலும் உண்மையான மருந்து அது ஒன்றுதான். அதைப் பத்திரமாக மூடி வைத்தால் அதுவே ஆதாரம். அதை வைத்து மருந்தகத்தைத் திருத்தலாம், எத்தனையோ உயிரைக் காப்பாற்றலாம். எடுத்துக்கொண்டு போனால் ஒரே ஒரு ஆள் பிழைப்பான்.

அவள் அங்கே உட்கார்ந்து யோசித்தாள் என்று நான் சொன்னால் அது பொய். குப்பியை முந்தானையில் சுற்றிக்கொண்டு ஓடினாள்.

செவிலி அடுத்த படுக்கையில் இருந்தபோது குப்பியில் மிச்சமிருந்த பொடி அத்தனையையும் நீரில் கலக்கித் தணிகாசலத்தின் குழாயில் ஊற்றினாள். செவிலி திரும்பி வந்து தன் பங்குக்கு மாத்திரைக் கரைசலையும் ஊற்றினாள். அன்றைக்குச் சாயங்காலம் அவன் மூச்சில் விசில் நின்றது. மறுநாள் கண்ணைத் திறந்தான்.

"பசிக்குதுடி" என்றான்.

*

ஆயிரம் மடங்கு நீர்த்த கரைசல் சோதனைக் கிண்ணத்தில் இன்னும் ஒரு சொட்டு மிச்சம் இருந்தது. உலகநாயகி அதையும் அச்செடுத்த கோபுரப் படங்களையும் ஆளவந்தாரின் மேசையில் வைத்து நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள்.

ஆளவந்தார் கெட்டவர் இல்லை. அவர் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார், திரும்பவும் முதலிலிருந்து பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"குப்பி எங்கம்மா?"

"சொன்னேனே சார். அவருக்குக் குடுத்துட்டேன்."

"அப்ப ஆதாரம் உன் வீட்டுக்காரர் வயித்துல இருக்கு. அதை நான் எப்படி அளக்கிறது?"

"இந்தச் சொட்டை அளங்க சார். கருவிக்கு இது ஏராளம்."

"இது நீ கலக்கினது. நோயாளியோட பொண்டாட்டி கலக்கினது. இதுல என்ன இருக்குன்னு யார் சொல்றது, நீதானே?" அவர் படத்தின் மேல் விரலை வைத்தார். "நம்ம விதிப்படி பாரு. நம்ம அளவோட ஒப்பிட்டா நூறு வரணும். இது லட்சம் வருது. அப்படின்னா தப்பு எதுல? குப்பியிலதான். அத்தனை வருஷம் குளிர்ல கெடந்த பொடி, கெட்டுப் போயிருக்கும்."

"கெட்டா குறையும் சார். அதிகமாகாது."

ஆளவந்தார் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"என் தம்பி செங்கட்டுலதான் போனான். உனக்குத் தெரியுமா?"

அவளுக்குத் தெரியாது.

"துப்பின்னு கோடு போட்டாங்க. எங்கம்மா சாகிற வரைக்கும் அவனைத் திட்டிக்கிட்டே இருந்தாங்க. நானும்தான் திட்டினேன். இப்ப நீ வந்து அவன் துப்பலன்னு சொல்ற." அவர் படங்களை அடுக்கி ஒதுக்கி வைத்தார். "சரி, நீ சொல்றதே நெஜம்னு வச்சுக்குவோம். நாளைக்கு ஜனங்ககிட்ட என்னன்னு சொல்றது? மாத்திரையில மருந்து இல்ல, வேற மருந்தும் இல்ல, உலையைச் சரிபண்ணத் தெரிஞ்சவனும் இல்லன்னா? இப்ப காலையில வாயைத் திறந்து மூடிட்டு நிம்மதியா வேலைக்குப் போறாங்க. அதையும் புடுங்கிடலாமா, சொல்லு."

"உலையைச் சரிபண்ணக் கத்துக்கலாம் சார். முதல்ல தப்புன்னு ஒத்துக்கிட்டாத்தானே கத்துக்க முடியும்?"

ஆளவந்தார் கிண்ணத்தைக் கையில் எடுத்தார். ஒரு நொடி அவர் அதைக் கருவிக்குக் கொண்டுபோவார் என்று உலகநாயகி நம்பினாள். அவர் அதைக் கைகழுவும் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, குழாயைத் திறந்துவிட்டார். அது ஓடி முடிகிற வரைக்கும் அவர் திரும்பி அவளைப் பார்க்கவில்லை.

கண்காட்சியில் உடைந்த குப்பியை வைத்தார்கள். பக்கத்தில் அட்டை: 'பூமிக் காலத்து மருந்து. தரம் குறைந்தது. நம் அளவுக்கு வராதது.'

*

ஆனால் தணிகாசலம் பிழைத்தது ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. செங்கட்டு தொண்டைக்கு இறங்கிய பிறகு பிழைத்த முதல் ஆள் அவன். எப்படி என்று எல்லோரும் கேட்டார்கள். மருத்துவக் கூடத்தில் கணக்குப் பார்த்தார்கள். அவன் வயிற்றுக்குள் நாற்பது மாத்திரை போயிருந்தது. அதுதான் விஷயம் என்று முடிவாகிவிட்டது. இத்தனை நாளும் குறைவாகக் கொடுத்துவிட்டோம், நாற்பது கொடுத்திருக்க வேண்டும் என்றார்கள். மருந்தகம் கூடுதல் நேரம் ஓடியது.

அளவுநாள் அன்று தணிகாசலத்தை மேடையில் ஏற்றி மாலை போட்டார்கள். அவன் கூட்டத்தைப் பார்த்து நாக்கைத் துருத்தி அழகு காட்டினான். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "நாப்பதாவது உள்ள போச்சு பாருங்க, அப்பத்தான் எனக்கு மூச்சே வந்துச்சு" என்றான் அவன். ஆளவந்தார் புதுக் குப்பியைத் தூக்கிக் காட்டி, நூறு என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் உலகநாயகி அவனைப் பிடித்து உலுக்கினாள்.

"உங்ககிட்ட சொன்னேன் இல்ல? குப்பியில இருந்ததைக் குடுத்தேன்னு சொன்னேன் இல்ல? மயக்கத்துல கெடந்த ஆளுக்கு நாப்பதாவது எப்படித் தெரிஞ்சுது?"

"நீ ஒரு பக்கம் ஊத்தின, அவங்க ஒரு பக்கம் ஊத்தினாங்க. எது கேட்டுச்சுன்னு யாருக்குடி தெரியும்?" என்றான் தணிகாசலம். "ரெண்டும் சேந்துதான் கேட்டிருக்கும். விடு."

அவளுக்கு அவனைக் கொன்றுபோடலாம் போல் இருந்தது. பிழைக்கவைத்ததும் அவள்தான் என்பதால் பேசாமல் இருந்தாள்.

*

அளவுநாளுக்கு அப்புறம் கொஞ்ச காலத்தில், காலைச் சங்கு அடங்கிய கையோடு, பூங்காவனம் கதவைத் தட்டினாள். தலை வாராமல், செருப்பில்லாமல் நின்றாள்.

"அக்கா, செவ்வந்திக்குக் கழுத்துல தடிச்சிருக்கு."

 செவ்வந்தி அந்த வருஷம்தான் வலை தட்டும் வேலைக்குப் போயிருந்தாள். சிவப்புக் கோடு போட்ட வீட்டுப் பிள்ளைக்கு வேறு வேலை கொடுக்க மாட்டார்கள்.

"மாமாவுக்கு நாப்பதுதானே குடுத்தாங்க? எனக்குச் சரியா சொல்லு. ஒண்ணாவா, பிரிச்சுப் பிரிச்சா? வெந்நீரா, பச்சைத் தண்ணியா?"

"பூங்காவனம், உள்ள வா. உக்காரு." உலகநாயகி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் சொல்றதை நம்பு. மாத்திரையில ஒண்ணுமே இல்ல. உன் மாமாவைப் பிழைக்க வச்சது பூமியிலிருந்து வந்த மருந்து. ஒரு குப்பிதான் இருந்துச்சு, அதை நான் அவருக்கே குடுத்துட்டேன். உன் வீட்டுக்காரர் துப்பல. அவர் தினமும் முழுங்கினாரு."

பூங்காவனம் அவளை வெறித்துப் பார்த்தாள். மெதுவாகக் கையை உருவிக்கொண்டாள்.

"உங்க வீட்டு மாத்திரையைக் கேப்பேன்னு பயந்துட்டியா?" என்றாள். "குடுக்க மனசில்லன்னா இல்லன்னு சொல்லுக்கா. இப்படிக் கதை கட்டாத. செத்தவனை எதுக்கு இழுக்கிற?"

உலகநாயகி உள்ளே போய் டப்பாவைக் கவிழ்த்து, தன் பங்கு, தணிகாசலத்தின் பங்கு இரண்டையும் அள்ளிக்கொண்டுவந்து அவள் மடியில் கொட்டினாள். பூங்காவனம் அவற்றை மூடிக்கொண்டு ஓடினாள்.

கோடு போட்ட வீடு என்பதால் அவள் மருத்துவக் கூடத்தை நம்பவில்லை. வீட்டிலேயே வைத்துக் கொடுத்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் உலகநாயகி எல்லாவற்றையும் கேட்டாள். "முழுங்கு, கண்ணு. இன்னும் ஒண்ணு. இன்னும் ஒண்ணுதான்." நடுநடுவே அந்தப் பெண் ஓங்கரிக்கும் சத்தம். பிறகு விசில் மாதிரி மூச்சு. தணிகாசலம் காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டான். உலகநாயகி போகவில்லை. ஆதாரம் கரைந்தபோதும் அழாதவள் அன்றைக்குச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள்.

செவ்வந்தி போய்விட்டாள்.

அடக்கம் முடிந்த அன்று சாயங்காலம் உலகநாயகி பக்கத்து வீட்டுக்குப் போனாள். பூங்காவனம் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். கையில் எதையோ பொத்தி வைத்திருந்தாள், விரித்துக் காட்டினாள். பாதி கரைந்து, எச்சில் காய்ந்த ஒரு மாத்திரை.

"படுக்கைக்கு அடியில கெடந்துச்சு" என்றாள். "முப்பத்தொன்பதுதான் உள்ள போயிருக்கு. ஒண்ணைத் துப்பிட்டா."



"அப்பனைப் போலவே" என்றாள் பூங்காவனம். பிறகு அண்ணாந்து பார்த்தாள். "நீ அளக்கிறவ. உனக்குத் தெரியும். இந்த ஒண்ணு குறைஞ்சதாலதானே அக்கா?"

அந்தக் கண்களில் இருந்த கெஞ்சலை உலகநாயகி பார்த்தாள். இல்லை என்று சொன்னால், இத்தனை மாத்திரையை வலிக்க வலிக்க அந்தப் பிள்ளையின் தொண்டைக்குள் திணித்ததெல்லாம் எதற்கு என்று இந்தத் தாய் கேட்பாள். ஏழுமலையைத் திட்டித் தீர்த்த வருஷங்களை எல்லாம் அவள் திருப்பி எடுக்க வேண்டியிருக்கும். அதற்கு அவள் உடம்பில் தெம்பு இல்லை. ஆளவந்தார் கதவைச் சாத்திவிட்டு வந்து பேசியது உலகநாயகிக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. புரிந்துகொண்டதற்காகத் தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"ஆமா" என்றாள். "ஒண்ணு குறைஞ்சதாலதான்."

பூங்காவனம் தலையை ஆட்டினாள். அவள் தோள்கள் கொஞ்சம் இறங்கின. வாசலில் இரண்டு ஆட்கள், பழைய சிவப்புக் கோட்டுக்குக் கீழே இன்னொரு கோடு இழுப்பதற்காகச் சாயத்தைக் கலக்கிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலைச் சங்கு ஊதியபோது உலகநாயகி தன் வீட்டுச் சுவருக்கு முன்னால் நின்றாள். அழுததாலோ என்னவோ, தொண்டையில் ஒரு கமறல். செந்தூசியாக இருக்குமோ என்று திக்கென்றது. மாத்திரையில் என்ன இருக்கிறது என்று அந்த நகரத்தில் அவளைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. புதிதாக வந்த பங்கிலிருந்து ஒன்றை எடுத்து நாக்கில் வைத்தாள், தண்ணீர் குடித்தாள், சுவரைப் பார்த்து வாயைத் திறந்து காட்டினாள்.

பச்சை எரிந்தது. தொண்டைக்கும் கொஞ்சம் இதமாகத்தான் இருந்தது.